முதல் ஆயிரம் மைல்

புதிதாக வாங்கிய மோட்டார்ச் சைக்கிள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் அன்று, அதனைச் சூழ்ந்து நிற்போரிடையே இரண்டு விதமான புத்திமதிகள் எழுவதைக் காணலாம். “மெல்ல ஓட்டு, மகனே! புது எஞ்சின், சூடேறினால் இறுகிவிடும்” என்பார் தந்தையார். அவர் அப்பால் சென்றதும் நண்பன் காதோடு காதாகச் சொல்லுவான்: “முதல் நாளே நன்றாக விரட்டிவிடு. இல்லாவிட்டால் ஆயுள் முழுவதும் சோம்பிக் கிடக்கும்!”

இவ்விருவருள் எவர் சொல்வது சரி? சாதாரண வண்டியாயின் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் பந்தய வண்டியின் சாயலிலே அமைந்த வேக மோட்டார்ச் சைக்கிளாயின் அவ்வாறு தள்ளிவிட முடியாது. அதன் எஞ்சின் சிறியது. சுழற்சியோ மிகக் கடியது. முதற் சில நூறு மைல்களில் அதற்கு நேரும் நன்மையும் தீமையும் பின்னர் பல்லாண்டுகள் அதனுடனேயே இருக்கும். வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், அதன்மேல் ஏறிச் செல்லும் பிள்ளையின் உயிரும் இவ்விடயத்திலே சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆதலால், தந்தையார் வார்த்தையையும் நண்பன் வார்த்தையையும் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, எஞ்சினுக்குள்ளே என்ன நடைபெறுகிறது என்பதை முதலிற் பார்ப்போம்.

உழுத வயல் போன்ற சுவர்

எஞ்சினின் இருதயம் சிலிண்டர். அதனுள்ளே பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டன் சிலிண்டரின் சுவரோடு ஒட்டிப் பொருந்தி ஓடுவதாகப் பலர் எண்ணுவர். அப்படியன்று. சூடேறும்போது பிஸ்டன் விரிவடையும். அதற்கு இடம் வேண்டும். ஆகவே இரண்டிற்குமிடையே ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு இடைவெளி விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளியை அடைப்பவை பிஸ்டனைச் சுற்றி அணிந்த மெல்லிய உலோக வளையங்களே. நான்கு வீச்சு எஞ்சின்களிற் பெரும்பாலும் மூன்று வளையங்கள் இருக்கும். மேலுள்ள இரண்டும் வெடித்தெரியும் வாயு கீழே கசியாமற் காக்கும். மூன்றாவது, சுவரிற் படிந்த எண்ணெயை அளவாக வழித்துவிடும்.

இனிச் சுவரைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு அது பளபளப்பாகத் தோன்றும். பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினாலோ, குறுக்கும் மறுக்குமாக உழுத வயலைப் போல நுண்ணிய கோடுகள் தெரியும். இவை குறைபாடல்ல, தொழிற்சாலையிலே சாணைக்கல்லால் வேண்டுமென்றே இட்ட கோடுகள். கோட்டின் பள்ளங்களில் எண்ணெய் தங்கி நின்று வளையத்துக்கு வழுக்குந் தன்மையைக் கொடுக்கிறது. கோட்டின் மேடுகளோ புது எஞ்சினிலே கூராக நிற்கின்றன. ஓடத் தொடங்கியதும் வளையம் அம்மேடுகளைத் தேய்க்கிறது. மேடுகள் வளையத்தைத் தேய்க்கின்றன. இவ்வாறு ஒன்றையொன்று செப்பனிட்டு, ஈற்றிலே இரண்டும் இணைபிரியாது பொருந்திவிடுகின்றன. இப்பொருத்தத்தை உண்டாக்குவதையே எஞ்சினைப் பழக்குதல் என்கிறோம்.

இதிலே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மாத்திரமன்று. எரியும் வாயு வளையத்தின் பின்புறத்தே புகுந்து அதனை வெளிநோக்கித் தள்ளுகிறது. எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் தள்ளுதலும் வலுக்கும். ஆகவே, சற்றேனும் உழைக்காத எஞ்சினில் வளையம் சுவரோடு நன்றாகப் பொருந்தமாட்டாது.

மூன்று வளையங்கள் தேறின

வளையந்தானே, அதிலென்ன பெரிய சங்கதி என்று எண்ண வேண்டாம். உலகப் புகழ்பெற்ற மோட்டார்ச் சைக்கிள் தொழிலதிபர் ஒருவரின் வாழ்க்கையே இவ்வளையத்திலிருந்துதான் ஆரம்பித்தது. யப்பானில் ஹமமட்சு என்னும் நகரில் மோட்டார் வண்டிகளைத் திருத்தி வந்த ஹொண்டா சொயிச்சிரோ, 1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பிஸ்டன் வளையம் செய்யும் தொழிலில் இறங்கினார். கைத்திறனில் அவருக்குக் குறைவில்லை. ஆயினும் வார்த்தெடுத்த வளையங்கள் சரிவரவில்லை. உலோகத்தின் இயல்பை நூன்முறையாக அறியாமையே காரணமென உணர்ந்த அவர், வயதையும் கௌரவத்தையும் பாராது, அந்நகரத்துத் தொழிற்கல்லூரியிலே மாணவருடன் மாணவராக அமர்ந்து பாடங் கேட்டார்.

பின்னர் ஆயிரக்கணக்கான வளையங்களைச் செய்து, அவற்றுள் 50ஐத் தெரிந்தெடுத்து டொயோட்டா நிறுவனத்துக்கு அனுப்பினார். பரிசோதனையிலே தேறியவை எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று! அவர் மனந்தளரவில்லை. படித்தும் பரிசோதித்தும் திருந்தினார். அவருடைய வளையங்களை அந்நிறுவனம் வாங்கும் நாளும் வந்தது. யுத்தம் முடிந்தபின், 1948ஆம் ஆண்டில் தம் பெயராலேயே மோட்டார்ச் சைக்கிள் நிறுவனத்தைத் தொடக்கினார். 1959ஆம் ஆண்டில் அவருடைய வண்டிகள் மான் தீவின் புகழ்பெற்ற பந்தயத்தில் முதன்முறையாகக் கலந்துகொண்டன. இரண்டே ஆண்டுகளில், 1961இல், 125, 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் மைக் ஹெயில்வுட் ஹொண்டா வண்டிகளிலே முதலிடம் பெற்றார்.

ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு பிசகினும் வளையம் வளையமாகாது என்பதை அவர் பட்டறிந்தார். அந்தப் பாடமே பின்னால் வந்த வேக வண்டிகளுக்கெல்லாம் அத்திவாரமாயிற்று.

“தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்”

1950ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் வீதிகளிலே சில கார்களின் பின்கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கும். “புது எஞ்சின் பழகுகிறது, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்” என்பது அதன் கருத்து. பின்னால் வருபவர் பொறுமையிழந்து ஒலியெழுப்பாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. மோட்டார்ச் சைக்கிள் வாங்கியவர்களும் அக்காலத்திலே நெடுநாள்வரை தம் ஆசையை அடக்கிக்கொண்டே ஓட்டினார்கள். அன்றைய சிலிண்டர்கள் வார்ப்பிரும்பினாலானவை. அவற்றைக் கடைந்தெடுத்த இயந்திரங்கள் இன்றைய இயந்திரங்களின் நுண்மையை எட்டவில்லை. எஞ்சிய கரடுமுரடுகளை வீதியிலே ஓட்டித்தான் தேய்க்க வேண்டியிருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. கடைச்சலும் சாணையிடுதலும் மிக நுட்பமடைந்துள்ளன. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மாலே நிறுவனம் நிக்கசில் என்னும் பூச்சை அறிமுகஞ் செய்தது. நிக்கலுடன் சிலிக்கன் கார்பைட்டு என்னும் மிகக் கடினமான பொருளின் துகள்களைச் சேர்த்து அலுமினியச் சுவரின்மேல் பூசுவதே அம்முறை. அதனையும் அதனையொத்த பூச்சுகளையும் இன்று பல வேக வண்டிகளிலே காணலாம். அத்தகைய சுவர் எளிதில் தேயாது. வெப்பத்தையும் விரைவிற் கடத்திவிடும்.

அப்படியாயின் பழக்குதல் என்பதே தேவையற்றதாகிவிட்டதா? இல்லை. தேய்க்க வேண்டியது குறைந்துவிட்டது. ஆனால் இல்லாமற் போகவில்லை. அன்றியும் எஞ்சின் என்பது வளையம் மாத்திரமன்று. பற்சக்கரங்கள், வால்வுகள், அவற்றை இயக்கும் தண்டு, கிளச்சுத் தகடுகள் முதலிய யாவும் ஒன்றோடொன்று உறவாடத் தொடங்குவது அந்த முதற் சில நாட்களிலேதான்.

கைந்நூல் கூறும் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டு மாதிரியாகப் புதுக்கோலத்தில் வெளிவந்த கவசாகி நிஞ்சா 250ஆர், உலகின் பல நாடுகளில் இளைஞர்களுக்கு முதல் வேக வண்டியாக அமைந்தது. 249 சி.சி.; இரண்டு சிலிண்டர்கள். பிஸ்டன் ஒருமுறை ஓடும் தூரம் 41.2 மில்லிமீற்றர். அதன் சுழற்சிமானியிலே சிவப்புக் கோடு தொடங்குவது நிமிடத்துக்கு 13,000 சுற்று என்ற இடத்தில்.

அதன் கைந்நூல் என்ன சொல்லுகிறது? முதல் 800 கிலோமீற்றர் வரையும் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டலாகாது. அதன்பின் 1,600 கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய ஆயிரம் மைல் வரையும், 6,000 சுற்றைத் தாண்டலாகாது. 4,000 சுற்றிலே, ஆறாவது கியரிற்கூட, அவ்வண்டி மணிக்குச் சுமார் 50 கிலோமீற்றர் வேகத்தில்தான் செல்லும். வேகத்துக்கென்றே வாங்கிய வண்டியிலே ஏறி, பாரவண்டிகளும் முந்திச் செல்ல அமர்ந்திருப்பதென்றால், இளைஞருக்கு அது ஒரு தவமேயாகும்!

ஆனால் அக்கணக்கின் நியாயத்தைப் பாருங்கள். 13,000 சுற்றிலே பிஸ்டன் ஒரு நிமிடத்தில் 26,000 முறை ஓடி, ஓடி, திசைமாறுகிறது. அப்போது அதன் சராசரி வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 18 மீற்றர். 4,000 சுற்றிலோ ஐந்தரை மீற்றர்தான். இன்னுமொன்று: பிஸ்டனை நிறுத்தித் திருப்புவதற்கு வேண்டிய விசை, சுழற்சி இருமடங்கானால் நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே 4,000இலிருந்து 13,000க்கு உயர்த்தும்போது அவ்விசை பத்து மடங்கிற்கும் மேலாகிவிடுகிறது. இன்னும் ஒன்றோடொன்று பழகாத உறுப்புகளின்மேல் அத்துணைச் சுமையை ஏற்றலாமா?

எல்லா நிறுவனங்களும் ஒரே கணக்கைக் கூறுவதில்லை. ஹொண்டா கைந்நூல்கள் முதல் 500 கிலோமீற்றர் வரை முழு வேகத்தில் புறப்படுவதையும், திடீரென வேகங் கூட்டுவதையும், கடுமையாகப் பிறேக் போடுவதையும் தவிர்க்கச் சொல்லுகின்றன. யமஹா நிறுவனத்தின் சில கைந்நூல்கள் முதல் 1,000 கிலோமீற்றரை முக்கியமான காலமெனக் கொள்ளுகின்றன. எனவே பிறர் வண்டிக்குச் சொன்ன எண்ணை நம் வண்டிக்குக் கொள்ளலாகாது. நம் வண்டியோடு வந்த கைந்நூலே நமக்குப் பிரமாணம்.

அடித்தலும் பிழை, அணைத்தலும் பிழை

இப்போது நண்பன் கட்சிக்கு வருவோம். வெளிநாடுகளிலே பந்தய எஞ்சின்களைக் கட்டும் வல்லுநர் சிலர், புது எஞ்சினைத் தொடக்கத்திலேயே நன்றாக உழைக்கவிட வேண்டுமென வாதிடுகிறார்கள். சுவரிலுள்ள மேடுகள் கூராக இருக்கும் முதற் சில மைல்களிலேயே வளையம் பொருந்தியாக வேண்டும். அதற்கு வாயுவின் அழுத்தம் வேண்டும். மெத்தென ஓட்டினால் அழுத்தம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் கேள்வி.

இவ்வாதத்தில் உண்மையில்லாமலில்லை. பாரமின்றி, ஒரே மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஓடும் புது எஞ்சினிலே எண்ணெய் எரிந்து, கண்ணாடி போன்ற வழுவழுப்பான படலமாகச் சுவரிற் படிந்துவிடும். உழுத கோடுகள் தூர்ந்துபோகும். பின்னர் வளையம் தேய்க்க மேடுமில்லை; எண்ணெய் தங்கப் பள்ளமுமில்லை. வாயு கீழே கசியும்; எண்ணெய் மேலே ஏறி எரியும். புகைக்குழாயில் நீலப்புகை தோன்றும், வலுக் குறையும். சுசுகி நிறுவனத்தின் கைந்நூலும் இதனையே எச்சரிக்கிறது. ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். உறுப்புகளின்மேல் ஓரளவு பாரம் ஏறவும் வேண்டும், பின் இறங்கி அவை ஆறவும் வேண்டும் என்பது அதன் போதனை.

ஆனால் நண்பன் மறந்துவிட்ட சங்கதி ஒன்றுண்டு. பந்தய எஞ்சினைக் கட்டியவரே சில பந்தயங்கள் முடிந்ததும் அதனைப் பிரித்துப் பார்ப்பார், தேய்ந்ததை மாற்றுவார். வீட்டு வண்டியோ பிரிக்கப்படாமல் பல்லாயிரம் மைல் ஓடவேண்டியது. அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் கூரிய மேடுகள் மெல்லத் தேயாமல் உரசிப் பிய்ந்து சுவரிலே கீறலை உண்டாக்கும். கண்ணாடிபோல் வழுவழுத்த சுவரையாயினும் மீண்டும் சாணையிடலாம். ஆழமாகக் கீறிய சிலிண்டரையோ மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே தந்தையார் சொன்னதிற் பாதி உண்மை. நண்பன் சொன்னதிற் பாதி உண்மை. சுழற்சிக்கு வரம்பு வேண்டும் என்ற அளவிலே தந்தையார் வென்றார். எஞ்சின் உழைக்க வேண்டும் என்ற அளவிலே நண்பன் வென்றான். கட்டிலிற் கிடத்திவைத்த பிள்ளை நடக்கப் பழகாது. பிறந்த மறுநாளே ஓடச்சொன்னால் காலொடியும்.

செய்ய வேண்டியவை

இதனை நடைமுறையிற் கொள்ளும் வகை எளிதே. எஞ்சினை முடுக்கியதும் பாயாதீர்கள். இரண்டு மூன்று நிமிடங்கள் அது தானே ஓடட்டும். எண்ணெய் எல்லா மூலைமுடுக்குகளுக்கும் சென்று சேரட்டும். பின்னர் வரம்புக்குள்ளேயே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், கியரை மாற்றி மாற்றியும் ஓட்டுங்கள். ஏற்றத்திலே உயர்ந்த கியரில் எஞ்சினை முனகவிடுவது மெதுவாக ஓட்டுவதாகாது; அது சுமைமேற் சுமை. உடனே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேரிய பெருவீதியில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகச் செல்வதைக் காட்டிலும், திருப்பமும் ஏற்றிறக்கமுமுள்ள வீதியே புது எஞ்சினுக்கு உகந்த பள்ளிக்கூடம்.

எண்ணெயின் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். முதல் 1,000 கிலோமீற்றர் அளவில் எண்ணெயையும் அதன் வடியையும் மாற்றும்படி பல நிறுவனங்கள் கட்டளையிடுகின்றன. அப்போது வடித்த எண்ணெயை வெயிலிலே பிடித்துப் பாருங்கள். நுண்ணிய உலோகத் துகள்கள் சில வேளைகளில் மினுங்கும். வளையமும் சுவரும் பற்சக்கரமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த பங்கு அது. அதனை எஞ்சினுக்குள்ளே மேலும் சுற்றவிடுவது பாலிலே மணலைக் கலந்து பருக்குவதற்கு ஒப்பாகும். அந்த முதற் சேவையிலேயே சங்கிலியின் தளர்ச்சியையும் ஆணிகளின் இறுக்கத்தையும் பார்த்துவிடுவார்கள். பணத்தை எண்ணி இதனைத் தள்ளிப்போடுதல் புத்தியன்று.

ஓட்டுபவனும் பழக வேண்டும்

இதுகாறும் எஞ்சினைப் பற்றியே பேசினோம். ஆனால் புது வண்டியிலே புதியது எஞ்சின் மாத்திரமா? ரயரும் புதிது. அதன் மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கும். வீதியிலே உரசிச் சற்றுக் கரடானபின்தான் அது தன் முழுப் பிடிப்பையும் காட்டும். அதனால், முதல் 160 கிலோமீற்றர் வரை திருப்பங்களில் வண்டியை மெல்ல மெல்லவே சரிக்கப் பழகும்படி கைந்நூல் கூறுகிறது. பிறேக்கும் புதிது, அதன் கட்டையும் தட்டும் சில பத்து மைல்கள் மிதமாகப் பிடித்துவிட்ட பின்னரே நன்றாகக் கவ்வும். எஞ்சின் இறுகினால் நட்டம் பணத்தோடு போகும். ஈரமான திருப்பத்திலே புது ரயர் வழுக்கினால் அந்த நட்டத்தை எந்தக் கராஜிலும் திருத்தமுடியாது.

எல்லாவற்றிலும் புதியவன் அவ்வண்டியின்மேல் இருப்பவன். கைப்பிடியை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு பாயும், எத்தனை அடியில் நிற்கும், எந்தச் சாய்வில் நிலைகுலையும் என்பனவற்றை அவன் இனித்தான் அறியவேண்டும். தொழிற்சாலை விதித்த அந்த ஆயிரம் மைல் எஞ்சினுக்கென்று சொல்லப்பட்டது. உண்மையில் அது ஓட்டுநனுக்கும் கிடைத்த ஓர் அவகாசமாகும். அக்காலத்தில் அவன் மெதுவாகச் செல்வதற்கு ஒரு நல்ல சாட்டு இருக்கிறது. “ஏன் விரட்டவில்லை?” என்று நண்பர்கள் பரிகசித்தால், “எஞ்சின் புதிது” என்று சொல்லிவிடலாம். “நான் புதியவன்” என்று சொல்ல வெட்கப்படும் இளைஞனுக்கு இது எத்துணைப் பெரிய உதவி!

ஆங்கிலத்திலே இக்காரியத்துக்கு வழங்கும் சொற்களுள் ஒன்று, முரட்டுக் குதிரையை அடக்கி வசப்படுத்துவதற்கு வழங்கிய அதே சொல். யப்பானியர் இதனை ‘நராசி உன்டென்’ என்பர். பழக்கி ஓட்டுதல் என்பது அதன் பொருள். நம்முடைய வழக்கும் யப்பானியர் வழக்கோடு ஒத்திருப்பதைக் காணுங்கள். அடக்குதலில் ஒருவன் வெல்லுகிறான், மற்றொன்று தோற்கிறது. பழகுதலிலோ இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுகின்றனர்.

வளையமும் சுவரும் அவ்வாறு ஒன்றையொன்று அறிந்து பொருந்துவதற்கு ஆயிரம் மைல் வேண்டியிருக்கிறது. மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் அதே அவகாசத்தைக் கொடுப்பதிலே குறைவொன்றுமில்லை. ஆயிரத்தோராவது மைலும் அதே வீதியிலேதான் காத்திருக்கிறது.